அடி சிலிண்டரில் தேங்கிய எண்ணெய்

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உன் அத்தா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் பெங்களூர் வந்து இறங்கும்போது வெள்ளிக்கிழமை காலை ஆகியிருக்கும். நீங்கள் பழுது பார்த்த பழைய விமானம் பறக்கப் போவது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் இதை முழுதாகப் படித்துவிடு. போனிலேயே சொல்லியிருக்கலாம், சொல்லியும் பார்த்தேன். ஆனால் போனை எடுத்தாலே என் வாயில் சாப்பிட்டியா, குளிருதா, சளி போச்சா என்றுதான் வருகிறது. அதையெல்லாம் தாண்டி விஷயத்துக்கு வருவதற்குள் நீ "சரிம்மா, வெக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இதில் பாதி விஷயம் பதிமூன்று வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டியது.

போன மே மாதம் நீ லீவில் வந்திருந்தது நினைவிருக்கிறதா? சீசன் கூட்டம். அத்தா வேனை எடுத்துக்கொண்டு ஏரிக்கும் தூண் பாறைக்குமாக அலைந்துகொண்டிருந்தார். நான் சமையலறையில் மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு முழுப் பூண்டைக் கையில் எடுத்து, "இதுதாம்மா எங்க எஞ்சின்" என்றாய். "நடுவுல தண்டு இருக்கா, அதான் கிராங்க். சுத்தி நிக்கிற பல்லெல்லாம் சிலிண்டரு. ஒம்போது." நான் எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுல ஏழுதாண்டா இருக்கு" என்றேன். "அப்ப இது சின்ன பிளேனு" என்றாய். சிரித்தோம். எண்பது வயதுக்கு மேலான ஒரு விமானத்தை என் மகன் தொட்டுத் துடைத்து ஓட வைக்கிறான் என்பதே எனக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. ஆனாலும் நீ சொன்னதைக் கவனமாகத்தான் கேட்டேன். உன்னைப் பெறுவதற்காகப் பாதியில் எழுந்து போய், பிறகு கைக்குழந்தையோடு எழுதி முடித்த இயற்பியல் பட்டம் எனக்கும் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட லேபில் பீக்கர் கழுவுகிறவள் என்றாலும், சொன்னால் புரியும்.

ஜீப்புக்கு எண்ணெய் எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே, கீழே இருக்கும் சேம்பரில் கிடக்கும். உங்கள் எஞ்சினுக்கு அந்த வயிறு கிடையாது. எண்ணெய்க்கென்று தனி டேங்க் பின்னால் இருக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து எண்ணெயை இழுத்து, அழுத்தத்தோடு கிராங்கின் நடுவில் தள்ளும். கிராங்கில் துளைத்திருக்கும் ஓட்டைகள் வழியாக அது எல்லா மூட்டுக்கும் போய், சிதறித் தெறித்து, சிலிண்டர் சுவரையெல்லாம் நனைத்துவிட்டுக் கீழே வடியும். வடிந்ததை இன்னொரு பம்ப் உறிஞ்சி, காற்று படுகிற கூலர் வழியாகக் குளிர வைத்து, மறுபடி டேங்குக்கே அனுப்பும். இந்த இரண்டாவது பம்ப் முதல் பம்பைவிடப் பெரியது என்றாய். போன எண்ணெய்தானே திரும்பி வருகிறது, அதற்கு எதற்குப் பெரிய பம்ப் என்று கேட்டேன். "போறப்ப சுத்தமாப் போகும்மா. திரும்புறப்ப நுரையோட வரும். காத்தும் எண்ணெயுமா ரெண்டு பங்கு ஆயிரும். அனுப்புறதவிட திருப்பி எடுக்கத்தான் சத்து வேணும்" என்றாய். இந்த வாரம் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த எஞ்சினின் கெட்ட குணத்தையும் சொன்னாய். ஓடாமல் நிற்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து, தலைகீழாகத் தொங்குகிற அடி சிலிண்டர்களுக்குள் இறங்கித் தேங்கிவிடும். எண்ணெய் நிற்பது வெளியே தெரியாது. நீ என் பையைத் துழாவி, லேபிலிருந்து நான் கொண்டுவந்த ஊசிக்குழாயை எடுத்து, முனையை விரலால் அடைத்து அமுக்கிக் காட்டினாய். காற்று இருந்தபோது அமுங்கியது. தண்ணீர் எடுத்து அமுக்கியபோது அசையவில்லை. வருடா வருடம் நான் பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கிற அதே சோதனை. அதனால்தான் ஸ்டார்ட் செய்வதற்கு முன் முன்னால் இருக்கும் விசிறியைக் கையால் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகி நின்றால் விட்டுவிட வேண்டும். அடி சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். பலத்தைக் காட்டக் கூடாது. பின்பக்கமாகவும் சுற்றக் கூடாது. அப்படிச் சுற்றினால் எண்ணெய் காற்று வருகிற குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும், எஞ்சின் கிளம்பியதும் மறுபடி உள்ளே வரும். அப்போது நசுங்காத எண்ணெய்க்கும் சுற்றுகிற கிராங்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வளைவது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற ராடுதான். "அன்னிக்கே ஒடையாதும்மா, அதான் பயம். வளஞ்ச ராடோட நல்லாத்தான் ஓடும். கொஞ்ச நாள் கழிச்சு மேல போயி ஒடையும்." இவ்வளவும் சொன்னது நீ.

மூன்று வாரத்துக்கு முன் மத்தியானம் நீ கூப்பிட்டாய். நான் லேபில் கை ஈரத்தோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். "அம்மா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றாய். உங்கள் தலைமை மெக்கானிக், அந்த சீஃப், சாப்பிடப் போயிருந்தார். முதலாளி விருந்தாளிகளைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார், எல்லார் கையிலும் கேமரா. நீ தனியாக விசிறியைச் சுற்றினாய். ஒவ்வொன்றாக எண்ணி இழுத்ததில், விசிறியின் ஐந்தாவது இறக்கை கைக்கு வந்தபோது இறுகி நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ ஒரு சாண் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி முன்னால் இழுத்தாய். இறுக்கம் போய்விட்டது. சீஃப் வந்து ஸ்டார்ட் செய்தபோது உள்ளே இரண்டு தரம் டொக் டொக் என்று கேட்டது, புகை வந்தது, அப்புறம் சீராக ஓடியது. விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

"யாரும் பாத்தாங்களா?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

"பாத்தாங்க. ஆனா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சீஃப்கிட்ட சொல்லிரவாம்மா?"

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா? சேந்து ஆறு மாசம் ஆகல. ஓடுதுல்ல? ஓடுற எஞ்சினப் பத்தி நீயாப் போயி எதுக்கு வாயக் குடுக்கிற? ஒன் சோலியப் பாத்துட்டு இரு."

நீ "சரிம்மா" என்றாய்.

அந்தச் "சரிம்மா"வை நான் முன்பே ஒரு தரம் கேட்டிருக்கிறேன். அப்போது உனக்கு ஏழு வயது. எனக்கு இருபத்தாறு. உன் அத்தா எனக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெருமாள்மலைக் கடைத்தெருவில் ஒரு பொம்பளை ஜீப் ஓட்டுவதை நின்று பார்க்காத ஆளில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. "தனியா மட்டும் எடுத்துராத புள்ள, எறக்கத்துல ஒனக்கு இன்னும் கிளட்சு நிதானம் வரல" என்று அவர் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் உன்னை முன் சீட்டில் உட்கார வைத்து, அடுக்கம் ரோட்டில் ஜீப்பை இறக்கினேன். உனக்குக் குஷி. மூன்றாவது வளைவில் எதிரே ஒரு பால்காரர் பைக்கில் வந்தார். ஒதுங்குகிறேன் என்று ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த கல்லின் மேல் ஏற்றிவிட்டேன். அடியில் மோதிய சத்தம் என் பல்லில் தெரிந்தது.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். சேம்பரில் மயிரிழை போல ஒரு கீறல், அதன் ஓரம் ஈரம். விரலால் தொட்டால் எண்ணெய். உன் பள்ளிக்கூடத் துண்டால் துடைத்தேன். துடைத்தால் காய்ந்துபோகும் என்பதுபோல் இன்னொரு தரமும் துடைத்தேன். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்திவிட்டு, உன் முன்னால் உட்கார்ந்து, "அத்தாகிட்ட சொல்லாத, என்ன? சொன்னா அம்மாவுக்கு வண்டி தர மாட்டாங்க" என்றேன். கையில் ஒரு வர்க்கி பிஸ்கட்டைக் கொடுத்தேன். நீ அதைக் கடிக்காமல் என்னைப் பார்த்து "சரிம்மா" என்றாய். சாயங்காலம் வண்டிக்கடியில் சொட்டு விழுந்திருந்தது. வெந்நீர் அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளிவந்து அதன்மேல் தூவினேன். காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆனால் மறுநாள் வெள்ளனே ஹோட்டல்காரர்கள் ஆள் அனுப்பிவிட்டார்கள். வத்தலக்குண்டில் பஸ் பிடிக்க வேண்டிய ஒரு குடும்பம். "வெரசா வாங்க, வெரசா வாங்க" என்று அவர்கள் அவசரப்படுத்தியதில், தினமும் எண்ணெய் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்கிற உன் அத்தா அன்று மட்டும் பார்க்காமல் ஏறினார். நான் வாசலில் நின்று கையசைத்தேன்.

டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில் எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது. ஈர ரோட்டில் சக்கரம் இறுகி வண்டி வழுக்கியது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கமாக அவர் திருப்பினார். அந்தக் குடும்பத்துக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருடைய வலது முட்டி நொறுங்கியது. மோதியதில் அடிப்பக்கமே நசுங்கிப் போனதால், சேம்பரில் எந்த அடி முதலில் விழுந்தது என்று மெக்கானிக்குக்கும் தெரியவில்லை. உன் அத்தா ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "நாந்தான் புள்ள குச்சியப் பாக்கல" என்பது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாரும் பாவம் என்றார்கள்.

இனிமேல் உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொள். அவர் முட்டி இப்போது பாதி வரைதான் மடங்கும். வண்டி ஓட்ட அது போதும். நெற்றி தரையில் பட சஜ்தா செய்யப் போதாது. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத்தான் தொழுகிறார். ஆனால் விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும், ஒரு கையால் பம்பரைப் பிடித்து, அந்தக் காலை ஒருக்களித்து நீட்டிக்கொண்டு, தரையோடு தரையாகக் குனிந்து வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். பதிமூன்று வருடம், ஒரு நாள் விடாமல். ஸ்டாண்டில் அவருக்கு 'ஆயில் பாய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "என்ன ஆயில் பாய், இன்னிக்குக் குச்சியப் பாத்தாச்சா?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "ஒன் வண்டியையும் சேத்துப் பாத்துட்டேன்டா" என்பார். ஒருநாள் அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். இதைவிட என்னைப் பற்றி உனக்கு என்ன சொல்ல?

நீ யாரிடமும் சொல்லவில்லை. கேட்டபோதுகூடச் சொல்லவில்லை. ஏழு வயதில் இவ்வளவு கெட்டியா என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். உனக்கு அது நினைவிருக்கிறதா என்று கேட்கப் பயந்து, இத்தனை வருடம் அடுக்கம் ரோட்டைப் பற்றிய பேச்சையே வீட்டில் எடுத்ததில்லை. நினைவிருந்தால், அந்த விபத்தில் உனக்கும் பங்கு உண்டு என்று நீ நினைத்திருப்பாயோ? இல்லை, தம்பி. வாயைக் கட்டச் சொன்னவள் நான். நீ ஒரு வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த பிள்ளை.

இப்போது இன்னும் கூசுகிற ஒன்றைச் சொல்கிறேன். நீ விசிறியைப் பின்னால் சுற்றியதைச் சொன்ன பிறகு, நான் இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினேன். மழையால் பறப்பது தள்ளிப்போகிறது என்றாய், சரி என்று இருந்தேன். அதற்குப் பிறகு போன புதன்கிழமை, "அம்மா, முதல் தடவை மேல போறப்ப பின் சீட்டுல நான்தான்! சீஃப் சொல்லிட்டாரு" என்று கத்தினாய். அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டப் போகிற மேடத்தைப் பற்றி நீ மே மாதமே சொல்லியிருக்கிறாய். அவருடைய மகள் உனக்கு விமானம் வரைந்து கொடுத்ததையும், அதற்கு மூக்கும் மீசையும் போட்டிருந்ததையும் சொன்னாய். அந்தப் பிள்ளையின் அம்மா அந்த எஞ்சினை நம்பி மேலே போகப் போகிறாள் என்பது அந்த இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. உன் வேலை தோன்றியது. பிறகு உன் உயிர் தோன்றியது. மற்றது மூன்றாவதாகத்தான் வந்தது. நான் கெட்டவள் என்று நினைக்கிறாயா? எனக்குத் தெரியவில்லை. பயந்த அம்மாவுக்குப் பார்வை தன் பிள்ளை நிற்கிற இடத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு நான் உனக்குப் புத்தி சொல்லிவிட்டேன்.

மறுநாளே உன்னைக் கூப்பிட்டு, சொல்லிவிடு என்றேன். நீ, "நீதானம்மா வேணாம்னு சொன்ன. அப்புறம் நாலு தடவ ஓட்டியாச்சு, நல்லாத்தான் ஓடுது. எண்ணெய் வடிகட்டியத் தெறந்து பாத்தோம். இரும்புத் தூளா ரெண்டு மினுக்கு தெரிஞ்சுது, காந்தத்துல ஒட்டுச்சு. பழைய எஞ்சினுக்கு அது சகஜம்னு சீஃப் சொல்லிட்டாரு. விடும்மா" என்றாய். சீஃப்புக்கு அந்த ஐந்தாவது இறக்கையைப் பற்றித் தெரிந்திருந்தால் அந்த இரண்டு மினுக்கைச் சகஜம் என்று சொல்லியிருப்பாரா? உனக்குப் பதில் தெரியும். குரலிலேயே தெரிந்தது.

என் சொல்லை நான் வெறும் சொல்லால் திரும்ப எடுக்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. சனிக்கிழமை காலை அத்தா வேனுக்கடியில் குனிந்திருந்தபோது வாசலுக்குப் போனேன்.

"ஏங்க, அன்னிக்கு ஜீப்போட சேம்பர ஒடச்சது நாந்தாங்க."

அவர் தலையை வெளியே எடுக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜும்ஆ, பால்காரர், உன் துண்டு, சாம்பல். சொல்லி முடித்ததும் வேனுக்கடியிலிருந்து குரல் வந்தது. "எந்தக் கல்லு?"

"அடுக்கம் ரோட்டுல, மூணாவது வளவுல."

"அந்தக் கல்லு இன்னும் அங்கதான் கெடக்கு. நெதமும் அதத் தாண்டித்தான் போறேன்." பிறகு, "பயலுக்குத் தெரியுமா?" என்றார்.

"கூட இருந்தான். நாந்தான் சொல்லாதன்னேன்."

எழுந்திருக்கட்டும் என்று கையை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. பம்பரைப் பிடித்து, இரண்டு தரம் சறுக்கி, தானே எழுந்து போய் வண்டியை எடுத்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். நான்காம் நாள் உன் விசிறி விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான் போறேன் பெங்களூருக்கு. நீ எழுதிக் குடு" என்றார். நீங்களே அந்த சீஃப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்றேன். "நான் சொன்னா அது கோள் மூட்டுறது. அவன் வாயால சொல்லணும். ஞாயித்துக்கெழம வெடியுற வரைக்கும் பாப்பேன். அப்பவும் சொல்லலன்னா, கோளோ கீளோ, நாஞ் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுவேன்" என்றார். இதுவரை எழுதியதைப் படிக்கிறீர்களா என்று நீட்டினேன். "ஒட்டிக் குடு" என்றார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. அப்படி எதுவும் அவர் சொல்லவில்லை.

உன்னை வேலையை விட்டு அனுப்பலாம். எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, ராடு நேராகத்தான் இருக்கிறது, இவ்வளவு சிரமம் வீண் என்று எல்லார் முன்னாலும் திட்டலாம். அந்தப் பின் சீட்டு உனக்கு இனிக் கிடைக்காமலே போகலாம். இவற்றில் எதையும் நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு வேலை இறுகி நின்றால், கையை எடுத்துவிட்டு நின்றுகொள், நிற்பது அசிங்கமில்லை என்று மட்டும் சொல்லத் தெரிகிறது. கடைத்தெரு பார்க்கிறதே என்று ஜீப் ஓட்டிய எனக்கு அதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. நீ வீட்டுக்கு வர வேண்டி வந்தால் வா. உன் கட்டில் அப்படியேதான் இருக்கிறது. இதை எழுதும்போதே அத்தா பையில் உன் ஸ்வெட்டரை வைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வைத்திருக்கிறேன்.

படித்து முடித்ததும் முதலில் சீஃப்பிடம் போ. ஐந்தாவது இறக்கை, ஒரு சாண் பின்னால், இரண்டு டொக், இரண்டு மினுக்கு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல். யார் பேச்சைக் கேட்டு மறைத்தாய் என்று கேட்டால் என்னைச் சொல். சொல்லிவிட்டு, வெளியே வெயிலில் நின்றுகொண்டிருக்கும் அத்தாவை உள்ளே கூட்டிப் போய் விமானத்தைக் காட்டு. அவர் கட்டாயம் அதன் அடியில் குனிந்து பார்ப்பார். பழைய எஞ்சின் என்றால் கீழே சொட்டத்தான் செய்யும், சொட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று எனக்குச் சொன்னாயே, அதை அவருக்கும் சொல்லு. சுற்றி நிற்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பிடித்து எழுந்திருக்க அங்கே பம்பர் இருக்காது. நீ கையைக் கொடு. என் கையை அவர் வாங்கவில்லை. உன் கையை வாங்குவார்.

அம்மா